கோவென்ட் கார்டன்: வரைபடம் வந்த பிறகு கேட்ட கருத்து (லண்டன், 1968–1988)

நகரமைப்பு படிக்கும் மாணவர்களிடம் மக்கள் கருத்துக் கேட்பு பற்றிப் பேச வேண்டி வரும்போதெல்லாம் நான் எடுத்துக்கொள்வது லண்டனின் கோவென்ட் கார்டனைத்தான். அங்கே நடந்தது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. முதலில் தோற்று, பிறகு பாதி ஜெயித்து, அப்புறம் யாரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து கை நழுவியது வரை எல்லாக் கட்டங்களும் ஒரே நிகழ்வில் கிடைக்கின்றன. இதில் வரும் அலுவலர்கள், குடியிருப்பாளர்கள், அமைச்சர் யாருடைய பெயரையும் இங்கே தரவில்லை. ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தால், எந்த முடிவு எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. எனக்கு முக்கியம் அந்த நேரம்தான்.

பின்னணி

1630களில் பெட்ஃபோர்டு பிரபுவுக்காக இனிகோ ஜோன்ஸ் இங்கே ஒரு பெரிய சதுக்கத்தை அமைத்தார். மேற்குப் பக்கம் ஒரு தேவாலயம், வடக்கிலும் கிழக்கிலும் வளைவுத் தூண் வரிசையுடன் வீடுகள். அந்தச் சதுக்கத்தில் மெல்ல மெல்லக் காய்கறிக் கடைகள் முளைத்தன. 1670ல் சந்தை நடத்த அரச உரிமம் கிடைத்தது. 1830ல் சார்லஸ் ஃபௌலர் வடிவமைத்த சந்தைக் கட்டிடம் நடுவில் எழுந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் கூடங்களுக்கு இரும்பும் கண்ணாடியுமாகக் கூரை போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபு குடும்பம் இடத்தை விற்றுவிட்டது.

1960களில் அது லண்டனுக்கே பழமும் காய்கறியும் பூவும் கொடுத்த மொத்தச் சந்தை. இரவில் லாரிகள் வந்து குவியும். சுமைதூக்கிகள் வட்டக் கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையில் அடுக்கிக்கொண்டு லாரிகளுக்கு இடையே புகுந்து போவார்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக விடியற்காலையிலேயே திறக்கும் மதுக்கடைகள் சில உண்டு, அதற்கென்று தனி உரிமமும் உண்டு. காலையில் அலுவலகம் போகிறவர்கள் வரும்போது தெருவில் முட்டைக்கோஸ் இலைகளும் நொறுங்கிய பெட்டிகளும் மட்டும் கிடக்கும்.

சந்தையைச் சுற்றிலும் அதை நம்பியும் நம்பாமலும் நூற்றுக்கணக்கான சிறு தொழில்கள் இருந்தன. லாங் ஏக்கர் தெருவில் பெரிய அச்சகம் இருந்தது. நாடக அரங்குகள் நிறைந்த பகுதி என்பதால் உடை தைப்பவர்கள், பொய்முடி செய்பவர்கள், மேடை விளக்கு வாடகைக்கு விடுபவர்கள், நடனக் காலணி செய்பவர்கள் எல்லோரும் நடந்து போகும் தூரத்தில் இருந்தார்கள். இவர்களுக்குப் பொதுவான ஒரு தேவை இருந்தது: குறைந்த வாடகை. பீபாடி அறக்கட்டளை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள் அங்கேயே இருந்ததால், நகரத்தின் நட்டநடுவில் உழைக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ முடிந்தது. அவர்களில் கணிசமானவர்கள் சந்தை, அச்சகம், நாடக அரங்கு, துப்புரவு என்று இரவு வேலை செய்கிறவர்கள். இது பிறகு கருத்துக் கேட்பில் ஒரு விஷயமாக வரும்.

லாரி நெரிசல் தாங்க முடியாமல் போனதால், சந்தையைத் தேம்ஸ் நதிக்குத் தெற்கே நைன் எல்ம்ஸுக்கு மாற்ற முடிவானது. 1966ல் அதற்குச் சட்டமும் வந்தது. சந்தை போனால் நகர மையத்தில் பெரிய வெற்றிடம் உண்டாகும். அதைச் சாக்காக வைத்துச் சுற்றுப்புறம் முழுவதையும் புதிதாக்கிவிடலாம் என்று கிரேட்டர் லண்டன் கவுன்சிலும் (லண்டன் முழுவதற்குமான உள்ளாட்சி மன்றம்) வெஸ்ட்மின்ஸ்டர், கேம்டன் நகராட்சிகளும் சேர்ந்து திட்டம் போட்டன.

1968: திட்டமும் கண்காட்சியும்

1968ல் வரைவுத் திட்டம் வெளியானது. நூறு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பகுதி. அகலமான புதுச் சாலைகள், சர்வதேச மாநாட்டு மையம், ஹோட்டல்கள், அலுவலகக் கோபுரங்கள், வாகனங்களுக்கு மேலே உயர்த்திக் கட்டிய நடைமேடைகள், புது வீடுகள். சந்தைக் கட்டிடத்தையும் தேவாலயத்தையும் போலச் சில தனிக் கட்டிடங்களை விட்டுவிட்டு, சுற்றியிருந்த தெருக்களில் பெரும்பகுதி போகவேண்டியிருந்தது. சில நாடக அரங்குகளும் அந்தக் கணக்கில் வந்தன.

இந்தத் திட்டத்தை வரைந்தவர்களைத் தீய நோக்கம் கொண்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் 'முழுமை மேம்பாடு', அதாவது ஒரு பகுதி முழுவதையும் ஒரே திட்டமாக எடுத்துப் புதிதாகக் கட்டுவது, முற்போக்கான சிந்தனை. இருட்டு அறைகள், பொதுக் கழிப்பறை, பசுமையே இல்லாத தெரு ஆகியவற்றைத் துடைத்தெறிந்து வெளிச்சமும் காற்றும் தருவோம் என்ற உண்மையான ஆசை அதில் இருந்தது. அலுவலகமும் ஹோட்டலும் தரும் வருமானத்தில் சாலையும் வீடும் பூங்காவும் கட்டிவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு நிற்க வேண்டுமானால் நிலம் பெரிய துண்டுகளாக வேண்டும். நிலம் பெரிய துண்டுகளாக வேண்டுமானால் தெருக்கள் போக வேண்டும். இப்படி ஒன்றோடு ஒன்று பூட்டிய ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, அதன் பிறகு கண்காட்சி வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1969ல், திட்டமிடுதலில் மக்களை எப்படிச் சேர்ப்பது என்று ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த ஸ்கெஃபிங்டன் குழு தன் அறிக்கையைத் தந்தது. அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டிய கட்டுரையும் அதே ஆண்டில்தான் வந்தது. அந்த ஏணியில் 'தகவல் சொல்வது' மூன்றாவது படி, 'கருத்துக் கேட்பது' நான்காவது படி. மக்கள் கையில் முடிவு வருவது மேலே ஆறாவது படியிலிருந்துதான். கோவென்ட் கார்டன் கண்காட்சி நான்காவது படியைக்கூட முழுதாகத் தொடவில்லை என்பது என் மதிப்பீடு. கேட்டதற்கும் திட்டத்தில் மாறியதற்கும் தொடர்பு காட்டும் வழி எதுவும் அதில் இல்லை.

கவனிக்கப்பட்டவை

மக்கள் பக்கத்தில் முதலில் சத்தம் அதிகம் இல்லை. இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எளிது. பிற்பாடு நடந்ததை வைத்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, வரைபடத்தில் தன் வீட்டை ஒருவர் கண்டுபிடிக்க முடியாது. நிறம் தீட்டிய கட்டங்களும் மாதிரி அட்டைக் கட்டிடங்களும் வருங்காலத்தைக் காட்டின, இருப்பதைக் காட்டவில்லை. 'உங்கள் தெரு இருக்காது' என்று எங்கும் எழுதப்படவில்லை. அந்தத் தெரு வரைபடத்தில் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். எந்த ஊர்த் திட்ட வரைபடத்தையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். இடிக்கப்போவது எது என்று தனி நிறத்தில் காட்டும் வரைபடம் மிக அபூர்வம்.

இரண்டாவது, இரவு வேலைக்காரர்கள் நிறைந்த இடத்தில் மாலை நேரக் கூட்டம் என்றால் யார் வருவார்கள்? மூன்றாவது, அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். நிலச் சொந்தக்காரருக்கு அறிவிப்பு போகும். அவருக்கு விலை ஏறினால் மகிழ்ச்சி. மேல் மாடியில் பொய்முடி பின்னுகிறவருக்கு எந்தக் கடிதமும் வராது. திட்டம் வெளியான பிறகு சொத்து வாங்கி வைக்கிறவர்கள் நுழைந்தார்கள், கட்டிடங்கள் பராமரிப்பின்றி விடப்பட்டன, காலியாக்கப்பட்டன. ஒரு திட்டம் நிறைவேறாமலேயே ஒரு பகுதியைச் சிதைக்க முடியும் என்பதை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம். இடிக்கப் போகிற கட்டிடத்துக்கு யார் கூரை மாற்றுவார்கள்?

இதற்கிடையே, திட்டக் குழுவில் வேலை பார்த்த ஒரு அலுவலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெருவில் நடந்து, ஆட்களோடு பேசிப் பழகிய பிறகு, தான் வரையும் கோடுகள் யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. அதை வெளியே சொன்னார். அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். பிறகு வெளிப்படையாகக் குடியிருப்பாளர்கள் பக்கம் சேர்ந்தார்.

1971: சங்கமும் பொது விசாரணையும்

1971 ஏப்ரலில் கோவென்ட் கார்டன் சமூகச் சங்கம் உருவானது. குடியிருப்பாளர்கள், சிறு தொழில் நடத்துகிறவர்கள், கட்டிடக்கலை மாணவர்கள், அந்த முன்னாள் திட்ட அலுவலர் என்று பலதரப்பட்டவர்கள் சேர்ந்த கூட்டம் அது. இதில் கவனிக்க வேண்டியது, படம் படிக்கத் தெரிந்தவர்களும் தெருவைத் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தது. அதுவரை முதல் வகையினர் எல்லோரும் கவுன்சில் பக்கம் இருந்தார்கள், இரண்டாம் வகையினர் வெளியே இருந்தார்கள். வரைபடத்திலிருந்து தெருப் பெயர்களைப் பிரித்தெடுத்து, 'இது உங்கள் வாசல், இங்கே சாலை வருகிறது' என்று சொல்ல ஆள் கிடைத்த பிறகுதான் மௌனம் உடைந்தது. சுவரொட்டி, ஊர்வலம், வீடு வீடாகப் போவது எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

சங்கத்தின் முன்னால் ஒரு கடினமான கேள்வி இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கவிருந்த அரசின் பொது விசாரணையில் கலந்துகொள்வதா, புறக்கணிப்பதா? கலந்துகொண்டால் அந்த நடைமுறைக்கு ஒப்புதல் தந்த மாதிரி ஆகும். ஒரு பக்கம் வழக்கறிஞர்களும் நிபுணர்களும் சம்பளத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், மறுபக்கம் வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள். புறக்கணித்தாலோ ஆட்சேபணை எதுவும் பதிவாகாது. கலந்துகொள்வதென்று முடிவு செய்தார்கள்.

விசாரணை பல வாரம் நடந்தது. அதன் முடிவில் விசாரணை அதிகாரி, சில மாற்றங்களோடு திட்டத்தை ஏற்கலாம் என்றே பரிந்துரைத்தார். அன்றைய தேதிக்கு அது தோல்வி. ஆனால் வீடு, தொழில், கட்டிடம் என்று ஆட்சேபணைகள் ஒவ்வொன்றாக அதிகாரபூர்வக் கோப்பில் ஏறிவிட்டன. பிறகு அந்தக் கோப்பைப் படிக்கிறவர் அமைச்சர்.

1972–73: இரண்டு முடிவுகள்

1972ல் கவுன்சிலில் இந்தத் திட்டத்துக்கான குழுவின் தலைவி பதவி விலகினார். ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர். மக்கள் மனம் வேறு பக்கம் போய்விட்டது, தங்கள் திட்டம் அதோடு ஒத்துப்போகவில்லை என்பது அவர் தந்த காரணம். கருத்துக் கேட்பின் பலனைக் கூட்ட அறிக்கைகளில் மட்டும் தேடக்கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். முடிவெடுக்கிற அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மனம் மாறுவதும் அதன் பலன்தான்.

அடுத்த முடிவு 1973 ஜனவரியில் வந்தது. அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பொறுப்பிலிருந்த அமைச்சர் திட்டத்தை நிராகரிக்கவில்லை. முழுமை மேம்பாட்டுப் பகுதி என்ற தகுதியை ஏற்றுக்கொண்டார். கூடவே, சாலைத் திட்டத்தைக் குறைத்து, பழைய கட்டிடங்களின் பாதுகாப்புக்கும் மக்கள் பங்கேற்புக்கும் அதிக இடம் தந்து திருத்தச் சொன்னார். அதோடு நிற்காமல், அந்தப் பகுதியில் கூடுதலாகச் சுமார் 250 கட்டிடங்களைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் பட்டியலில் சேர்த்தார்.

இந்த ஒரு பட்டியல் ஏன் எல்லாவற்றையும் கவிழ்த்தது என்று புரிந்துகொள்ள, அப்போது புதிதாக இருந்த ஒரு சட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 1940களிலிருந்தே கட்டிடப் பட்டியல் உண்டு. ஆனால் பட்டியலில் இருக்கும் கட்டிடத்தை இடிக்க நினைப்பவர் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். தடுக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பின் தலையில் இருந்தது. 1968ம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. இனி இடிக்கவோ மாற்றவோ வெளிப்படையான அனுமதி வாங்கியே தீர வேண்டும். அனுமதி இல்லாமல் இடிப்பது குற்றம். ஆக, 1973ல் ஒரு கட்டிடம் பட்டியலில் ஏறுவதற்கு, பத்து வருடத்துக்கு முன்பு அது ஏறியிருந்தால் கிடைத்திருக்காத பலம் இருந்தது.

அந்த 250 கட்டிடங்களும் ஒரே மூலையில் இல்லை. தெருவுக்கு நாலு, சந்துக்கு இரண்டு என்று பரவிக் கிடந்தன. பெரிய துண்டு நிலம் வேண்டும் என்பதுதானே முழுக் கணக்கின் அச்சாணி? ஒவ்வொரு துண்டின் நடுவிலும் தொட முடியாத ஒரு செங்கல் வீடு வந்து நின்றுவிட்டது. சாலை வளைய வேண்டும், கோபுரம் சுருங்க வேண்டும், வருமானம் குறைய வேண்டும். காகிதத்தில் ஒப்புதல் பெற்ற திட்டம் நடைமுறையில் இறந்துபோனது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. 1973ன் கடைசியில் எண்ணெய் நெருக்கடியும் பிரிட்டிஷ் சொத்துச் சந்தையின் சரிவும் சேர்ந்து வந்தன. அலுவலகக் கோபுரம் கட்டத் துடித்தவர்களுக்குக் கையில் பணம் இல்லாமல் போனது. மக்கள் போராட்டம் மட்டுமே இந்தப் பகுதியைக் காப்பாற்றியது என்று சொல்வது அழகான கதை, முழு உண்மை இல்லை. போராட்டம் திட்டத்தைத் தாமதப்படுத்தியது. தாமதம் அதைச் சரிவின் காலம் வரை தள்ளிக்கொண்டு போனது.

எதிர்மாறாக என்ன நடந்திருக்கும் என்று கற்பனை செய்யத் தேவையில்லை. பாரிஸில் அதே ஆண்டுகளில் அது நடந்தது. லே ஆல் மொத்தச் சந்தை 1969ல் நகருக்குத் தெற்கே ருங்கிஸுக்குப் போனது. எதிர்ப்புகள் இருந்தும் 1971ல் அதன் புகழ்பெற்ற இரும்புக் கூடங்களை இடிக்கத் தொடங்கினார்கள். பல வருடம் நகரத்தின் நடுவில் ஒரு பெரிய பள்ளம் கிடந்தது. 1979ல் அங்கே நிலத்தடி வணிக வளாகம் திறந்தது. அந்தக் கூடங்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் பாரிஸுக்குக் கிழக்கே ஒரு சிறு நகரத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் தாமதமும் ஒரு பட்டியலும்தான்.

1974–80: மறுபடி முதலிலிருந்து

1973 தேர்தலில் கவுன்சிலின் ஆட்சி மாறியது. புது நிர்வாகம் பழைய திட்டத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 1974ல் பிரதிநிதிகள் மன்றம் ஒன்று தேர்தல் வைத்து அமைக்கப்பட்டது. வசிப்பவர்கள், தொழில் நடத்துகிறவர்கள் எனத் தரப்பு வாரியாகப் பகுதி மக்களே தேர்ந்தெடுத்த மன்றம். இறுதி முடிவு கவுன்சில் கையில்தான் என்றாலும், வரைவுகள் உருவாகும்போதே மன்றத்தின் முன் வந்தன. சங்கம் அதில் இருந்துகொண்டே வெளியிலும் அழுத்தம் கொடுத்தது. போராட்டத்தைத் தொடங்கியவர்களில் சிலருக்கு இந்த மன்றம் ஏமாற்றமாகவே தெரிந்தது. நம்மை உள்ளே இழுத்து அமைதியாக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார்கள். அந்தச் சந்தேகம் முற்றிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1978ல் ஏற்கப்பட்ட புதுத் திட்டத்தைப் பழையதோடு வைத்துப் பார்த்தால் மாற்றம் வெளிச்சமாகத் தெரிகிறது. தெருக்கள் இருக்கின்றன. வீடுகளுக்கு முன்னுரிமை. இருக்கும் கட்டிடங்களைச் சீர்செய்வது அடிப்படை, புதிதாகக் கட்டுவது விதிவிலக்கு.

இந்தக் காலத்தில் யாரும் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. 1974 நவம்பரில் சந்தை நைன் எல்ம்ஸுக்குப் போய்விட்டது. கிடங்குகள் காலி. எதிர்காலம் தெரியாததால் குறுகிய காலத்துக்கு மலிவு வாடகையில் கிடைத்தன. ஒரு காலத்தில் வாழைப்பழம் பழுக்க வைக்கப் பயன்பட்டு, பிறகு ஒத்திகைக் கூடமாக இருந்த ஒரு கிடங்கு சிறு நாடக அரங்கானது. நீல்ஸ் யார்டு என்ற முற்றத்தில் 1976 முதல் சிறு உணவுக் கடைகள் வந்தன. இடித்துப்போட்ட மனைகளில் குடியிருப்பாளர்கள் மண் கொட்டிச் செடி வைத்தார்கள். அந்த மரபில் 1984ல் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் உருவான ஃபீனிக்ஸ் தோட்டம் இன்றும் இருக்கிறது. மற்றவை கட்டிடங்களுக்கு அடியில் போய்விட்டன. இந்த இடைக்காலப் பயன்பாடுகளைத் திட்ட அறிக்கைகள் ஓரிரு வரியில் கடந்துவிடும். ஆனால் ஒரு பகுதிக்கு என்ன பொருந்தும் என்று எந்தக் கூட்டத்தையும் விடத் தெளிவாகச் சொன்னவை அவைதான்.

லாங் ஏக்கர் அச்சகம் இருந்த மனை நல்ல உதாரணம். அலுவலகத்துக்கு ஏற்ற விலையுயர்ந்த மனை அது. சங்கம் வீடு கேட்டது. கவுன்சிலின் சொந்தக் கட்டிடக்கலைஞர்களே வடிவமைத்து, 102 வீடுகள் கொண்ட ஓடம்ஸ் வாக் என்ற குடியிருப்பு அங்கே எழுந்தது. தெருவை ஒட்டிக் கடைகள். உள்ளே போனால் படிப்படியாக ஏறும் செங்கல் சுவர்கள், வளைந்து போகும் நடைபாதை, வீட்டுக்கு ஒரு சின்ன மொட்டைமாடி, அதில் தொட்டிச் செடிகள். வெளியே சுற்றுலாக் கூட்டம் நெரியும்போது உள்ளே துணி காய்கிறது. பழைய திட்டத்தின் உயர்ந்த நடைமேடை என்ற யோசனைகூட இங்கே வேறு அளவில் உயிரோடு இருக்கிறது. மனித அளவுக்குச் சுருங்கியதும் அது பயன்பட ஆரம்பித்துவிட்டது.

சந்தைக் கட்டிடம் கவுன்சிலின் வரலாற்றுக் கட்டிடப் பிரிவின் கையில் சீரமைக்கப்பட்டு 1980 ஜூனில் கடைகளோடு திறந்தது. அதே ஆண்டு பழைய பூச்சந்தைக் கூடத்தில் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் வந்தது. மொத்தச் சந்தையாக இருந்த கட்டிடத்தைச் சில்லறைக் கடைகளாக்குவது சரியா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. இடித்தால் திரும்பாது, கடை என்றால் நாளைக்கு மாற்றலாம் என்பதே அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த நியாயம்.

பின்விளைவு

கட்டிடங்கள் நின்றன. தெருக்கள் நின்றன. கவுன்சில், அறக்கட்டளை, வீட்டுவசதிச் சங்கம் ஆகியவற்றின் நிலத்தில் இருந்த குடும்பங்களும் பெரும்பாலும் நின்றன. தனியார் நிலத்தில் இருந்த சிறு தொழில்கள் நிற்கவில்லை. பொய்முடிக்காரரையும் மேடை விளக்குக்காரரையும் புல்டோசர் விரட்டவில்லை, வாடகை விரட்டியது. காப்பாற்றப்பட்ட பகுதி அழகாக இருந்ததால் பிரபலமானது, பிரபலமானதால் விலை ஏறியது, விலை ஏறியதால் அதைக் காப்பாற்றிய மாதிரி ஆட்கள் புதிதாக அங்கே வர முடியாமல் போனது. பொது விசாரணையின் மையத்தில் இருந்தது கட்டிடமும் சாலையும் வீட்டு எண்ணிக்கையும். தொழில் வாடகையைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் யார் கையிலும் இல்லை.

1986ல் கிரேட்டர் லண்டன் கவுன்சிலே கலைக்கப்பட்டது. சந்தைக் கட்டிடம் தனியாருக்குப் போகும் நிலை. அப்போது ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு செய்தார்கள். 1988ல் கோவென்ட் கார்டன் ஏரியா டிரஸ்ட் என்ற அமைப்பு உருவாகி, சந்தைப் பகுதியின் சில முக்கியக் கட்டிடங்களுக்கு 150 ஆண்டுத் தலைமைக் குத்தகை (உரிமையாளரிடமிருந்து நேரே பெறும் குத்தகை) பெற்றது. குத்தகை வாடகை ஆண்டுக்கு ஒரு சிவப்பு ஆப்பிளும் ஒரு பூங்கொத்தும். பழச்சந்தைக்கும் பூச்சந்தைக்கும் ஒரு நினைவு. வணிகம் யார் கையில் மாறினாலும் கட்டிடத்தை என்ன செய்யலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்பதில் டிரஸ்டுக்கு ஒரு சொல் இருக்கும். நகரமைப்பு அனுமதி சட்டத்திலிருந்து வருகிறது, சட்டம் மாறலாம். குத்தகை ஒப்பந்தம் சொத்துரிமையிலிருந்து வருகிறது, அதை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. இந்த வித்தியாசத்தைத்தான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

இன்று செய்தால் எதை மாற்றலாம்

கண்காட்சிக்கு முன்பே கணக்கெடுப்பு வேண்டும். சொந்தக்காரர் பட்டியல் போதாது. எந்த மாடியில் யார், என்ன தொழில், என்ன வாடகை, எத்தனை வருடம், எந்த நேரத்தில் வேலை என்று வாசல் வாசலாகப் போய் எடுக்க வேண்டும். இது கிடைத்திருந்தால் மாலைக் கூட்டம் யாருக்கு உதவாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். முதலில் காட்டும் வரைபடம் இருப்பதன் வரைபடமாக இருக்கட்டும், போகப்போவது சிவப்பில் தெரியட்டும். கேட்கச் சங்கடமான யோசனைதான். ஆனால் சங்கடம் பிறகு பொது விசாரணையில் வருவதைவிட அப்போதே வருவது எல்லோருக்கும் மலிவு.

எந்தக் கட்டிடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்ற பட்டியல், திட்டம் வரைவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். 1973ல் ஏறிய 250 கட்டிடங்களும் 1968லும் அதே இடத்தில்தான் நின்றன. அன்றே பட்டியல் இருந்திருந்தால் ஐந்து வருட உழைப்பும் பொதுப் பணமும் மிச்சம். இரண்டு தரப்பு மக்களின் ஐந்து வருடத் தூக்கமும் மிச்சம்.

ஆட்சேபிப்பவர்களுக்குத் திட்டம் படிக்கத் தெரிந்த ஒருவரைப் பொதுச் செலவில் தர வேண்டும். இங்கே அந்த வேலையைச் செய்தது மாணவர்களும், வேலைப் பொறுப்பை இழந்த ஒரு அலுவலரும். அது தற்செயல். தற்செயலை நம்பி நடைமுறை அமைக்க முடியாது. அப்புறம், வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே 'ஏற்றோம், மறுத்தோம், காரணம் இது' என்று ஒரு வரி எழுதி வெளியிட்டால் போதும், பாதிக் கோபம் தணிந்துவிடும். மறுத்தாலும் காரணத்தோடு மறுப்பதை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும்விட நான் முன்னால் கொண்டுவருவது வாடகையை. குடியிருப்பாளர்கள் 1971ல் கூடியபோதே, நிலத்தின் ஒரு பகுதியையாவது ஒரு டிரஸ்டின் கையில் நீண்ட குத்தகையாக வைப்பது பற்றிப் பேச யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தரைத்தளத்தில் இத்தனை சதவீதம் சிறு தொழிலுக்கு, இந்த வாடகையில், இத்தனை ஆண்டுக்கு என்று எழுதி வைக்கக் கூடிய நேரம் அது. நிலத்துக்கு விலை இல்லாமல் கிடந்த 1974, 75ல் அதைச் செய்ய மிகக் குறைந்த பணமே ஆகியிருக்கும். ஆப்பிளும் பூங்கொத்தும் வந்த 1988ல் டிரஸ்டால் கட்டிடத்தின் முகத்தைக் காக்க முடிந்தது. அதற்குள் இருந்த பட்டறைகள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன.